ஜெட்டி விளக்கடியில் இரவு மீன்: மேலே நின்றா, கயாக்கிலா, வள்ளத்திலா?

நாகை, காரைக்கால், பழையாறு பக்கம் இரவில் தூண்டில் போடுகிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஜெட்டி, அதாவது படகு கட்டுகிற மேடை, அதன் விளக்கு தண்ணீரில் விழுகிற இடத்துக்குச் சற்று அப்பால் கொடுவா மீன் இரையை அடிக்கிற சத்தம் கேட்கும். ஜெட்டி மேலே நின்று எறிந்தால் எட்டாது. எட்டினாலும் மீன் எடுக்காது. துடுப்பால் ஓட்டுகிற சின்னப் படகான ஒரு கயாக் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அப்போதுதான் தோன்றும். பக்கத்தில் நிற்கிறவர், "எதுக்குங்க அவ்வளவு காசு? ஒரு ஃபைபர் வள்ளத்தைப் பேசிக்கிட்டுப் போயிடலாமே" என்பார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், எந்தத் தண்ணீரில் பிடிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். எதில் ஏறுவது, ஏறத்தான் வேண்டுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு எளிதாகிவிடும்.

விளக்கடியில் என்ன நடக்கிறது

தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் வெளிச்சத்தை நாடி மேலே வருகின்றன. அவற்றைத் தின்ன இறால் குஞ்சும் நெத்திலியும் மடவைக் குஞ்சும் சேருகின்றன. இவற்றைத் தேடித்தான் கொடுவா, செப்பிலி, பாறை, சீலா எல்லாம் வருகின்றன. விளக்கு போட்டவுடன் இந்தக் கூட்டம் கூடிவிடாது, நேரம் பிடிக்கும். அதனால்தான் வருடம் முழுக்க ஒரே இடத்தில், ராத்திரி முழுக்க எரிகிற விளக்குக்குத் தனி மதிப்பு.

பெரிய மீன் வெளிச்சத்தின் நடுவே நிற்காது. கட்டிக் கிடக்கும் ஒரு விசைப்படகைப் பாருங்கள். கரையில் உயரமான கம்பத்து விளக்கு. அது படகின் மேல் விழுந்து, ஆற்றுப் பக்கம் நீளமாக ஒரு நிழலைப் போட்டிருக்கும். வெளிச்சமும் நிழலும் சேருகிற கோடு தண்ணீரில் தெளிவாகத் தெரியும். வெளிச்சத்துக்குள் இறால்கள் சிவப்புக் கண் மின்ன, ஓட்டத்தோடு மெதுவாக மிதந்து வரும். அந்தக் கோட்டைத் தொட்டதும் 'டொப்' என்று ஒரு சத்தம். தண்ணீர் ஒரு சுழி சுழித்து அடங்கும். இறாலைக் காணோம். கொடுவா அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே, இருட்டில், ஓட்டத்தை எதிர்த்து முகத்தை வைத்து நின்றிருக்கிறது. வெளிச்சத்தில் வருவதெல்லாம் அதற்குத் தெரியும். வெளிச்சத்தில் வருகிற இறாலுக்கு அது தெரியாது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிடிபடும். தூண்டிலில் கோத்தது எதுவானாலும், அது ஓட்டத்தோடு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போக வேண்டும். ஆளும் ஆளின் நிழலும் மீனுக்குத் தெரியக் கூடாது. மேலே நிற்பதோ, கயாக்கோ, வள்ளமோ, இந்த இரண்டையும் எவ்வளவு தூரம் செய்ய விடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அப்புறம், பத்திரமாக வீடு திரும்ப விடுகிறதா என்று.

மேலே நின்று போடுவது

செலவு கிடையாது. கீழே கெட்டியான காங்கிரீட். பையனைக் கூட்டிக்கொண்டு போகலாம். நாகப்பட்டினம் துறைமுகத்தை எடுத்துக்கொண்டால், நான் இதைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். அது கடுவையாற்றின் வாயில் இருக்கிறது. விசைப்படகும் ஃபைபர் படகும் ஒரே கால்வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். பின்னிரவில் ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்புகிற படகின் சுக்கானில் நிற்கிறவருக்கு, தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் ஒரு கயாக் தெரியவே தெரியாது.

குறை என்னவென்றால், விளக்கு நமக்குப் பின்னால், தலைக்கு மேலே இருக்கிறது. ஓரத்துக்கு வந்தால் தூண்டிலுக்கு முன்பே நம் நிழல் தண்ணீரில் விழுந்துவிடும். நாம் எறிவது இருட்டுக்குள். இழுப்பது வெளிச்சத்தை நோக்கி. இறால் போகிற திசைக்கு நேர் எதிர். மீன் கோடு வரை துரத்திக்கொண்டு வந்து திரும்பிப் போவதை மேலே நின்றே பார்க்கலாம். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜெட்டியின் ஒரு முனைக்குப் போய், ஓட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொண்டு, உயிர் இறாலைக் கோத்து, எடை போடாமல் தளத்தை ஒட்டியே மிதக்க விடுவது. தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, ஓட்டம் இழுத்துக்கொண்டு போகட்டும். பொறுமையான வேலைதான், ஆனால் எறிந்து இழுப்பதைவிட இங்கே இதுதான் மீன் தரும்.

மாட்டிய மீனை மேலே கொண்டுவருவது அடுத்த பாடு. தண்ணீருக்கும் தளத்துக்கும் நடுவில் ஆள் உயரம் இருக்கிறது. வற்றத்தில், அதாவது தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரத்தில், இன்னும் கூடும். ராடால் (தூண்டில் கம்பால்) தூக்கினால் ராடு போகும், இல்லை தங்கூசி போகும். கயிற்றில் இறக்குகிற வளைய வலை ஒன்று கையில் இல்லாமல் மேலே நின்று பெரிய மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள். தூணைச் சுற்றி அறுத்துக்கொண்டு, வாயில் கொக்கியோடு போகிற மீனை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நிழல் நிறைய, இஞ்சின் சத்தம் குறைவு, தளத்தில் வேலைக் கூட்டமும் குறைவு. மேலே நின்று போடுகிறவர்களுக்கு வருடத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை.

கயாக்

கயாக்கைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்வது சத்தம் இல்லை என்பதைத்தான். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பலம், இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளிச்சத்தைப் பார்க்க முடிவது. நாம் தாழ்வாக இருக்கிறோம், நிழல் பின்னால் விழுகிறது. ஓட்டம் வருகிற பக்கமாக வெளிச்சத்துக்குள் எறிந்து, தங்கூசியை லேசாக மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், ஜிக் (எடை வைத்த கொக்கியில் மாட்டிய போலி இரை) தானாக மிதந்து வந்து நிழல் கோட்டைக் கடக்கும். மீன் எதிர்பார்த்து நிற்கிற திசையிலிருந்தே அது வருகிறது. மேலே நின்று எவ்வளவு திறமையாக எறிந்தாலும் இது கைகூடாது.

நம் கழிமுகங்கள் கயாக்குக்கென்றே அமைந்தவை என்று சொல்லலாம். அடி சேறு, ஆழம் பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு. நங்கூரத்தைத் தண்ணீரில் போட்டு மீனைக் கலைக்க வேண்டியதில்லை. ஒரு மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றிக் கட்டிக்கொண்டால் போதும். முடிச்சு மட்டும் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். மீன் மாட்டியதும் தூணைப் பார்த்து ஓடும். அப்போது முடிச்சை அவிழ்த்து, துடுப்பால் ஒரு தள்ளு பின்னால் தள்ளினால், நாமும் மீனும் சேர்ந்து வெளியே வந்துவிடுவோம். சிப்பி ஒட்டிய தூணில் உரசி அறுபடுவது பாதியாகக் குறையும்.

மீனைத் திருப்பி விடுவதற்கும் இதுதான் நல்ல இடம். கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். மழைக்காலத்தை ஒட்டி முகத்துவாரப் பக்கம் முட்டையிடுவது அந்தப் பெரிய பெண் மீன்கள்தான். கயாக்கில் இருந்தால் மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, இடுக்கியால் கொக்கியைக் கழற்றி, அது வாலை அடித்துப் போகும் வரை பிடித்திருக்கலாம். சாப்பாட்டுக்கு நடுத்தர மீன் போதும். பெரியவற்றை விட்டுவிடுங்கள். செவுள் மூடியின் ஓரம் கத்தி. வெறுங்கையை உள்ளே விடக் கூடாது.

இனி ஆபத்து. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்து, காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். வற்றுகிற தண்ணீரும் கடலுக்குத்தான் போகும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்தால் அதுவும் மேற்கிலிருந்து கடலைப் பார்த்து. மூன்றும் ஒரே பக்கம் தள்ளும்போது, ஒற்றைத் துடுப்போடு முகத்துவாரத்தில் மாட்டிக்கொண்டவரால் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது. சிக்கல் என்னவென்றால், மீன் நன்றாகக் கடிப்பதும் அந்த வற்றத்தில்தான். உப்பங்கழிகளுக்குள் கிடந்த இறாலையெல்லாம் வற்றம்தான் வெளியே இழுத்துக்கொண்டு வரும். நம் கரையில் ஏற்ற வற்றத்தின் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இருந்தாலும் குறுகலான வாயில் அது வேகமாகத்தான் ஓடும்.

அதனால் என் விதி ஒன்றுதான்: கயாக்குக்கு முகத்துவார விளக்கு வேண்டாம், உள்ளே இருக்கிற விளக்கு வேண்டும். காரைக்காலில் அரசலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாயை ஒட்டி மீன்பிடித் துறைமுகம்; அது வேண்டாம். ஆற்றில் மேலே ஏறி, பாலத்துப் பக்கமும் சாலை விளக்குகள் தண்ணீரில் விழும் பக்கமும் போட்டால், காற்றும் வற்றமும் தள்ளினாலும் கரை இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நாகூர் வெட்டாறு, வேளாங்கண்ணி வெள்ளையாறு என்று எங்கே போனாலும் இதே கணக்குதான்: வாயிலிருந்து எவ்வளவு உள்ளே, விளக்கு எங்கே, நடுவில் ஒதுங்கக் கரை இருக்கிறதா. பழையாற்றில் துறைமுகத்தின் முன்பக்கம் படகுப் போக்குவரத்து. பின்னால் பிரிகிற உப்பங்கழிப் பக்கம், கடைசி விளக்கின் வெளிச்சம் விழுகிற ஓரத்தைப் பகலில் போய்ப் பார்த்து வாருங்கள். பூம்புகார், தரங்கம்பாடி துறைமுகங்கள் கல் கொட்டிய அலைத்தடுப்புக்குள் இருப்பவை. வாசலைத் தாண்டினால் திறந்த கடல். இரவில் கயாக்கோடு அங்கே எனக்கு வேலை இல்லை.

கோடியக்கரையைத் தாண்டி மேற்கே திரும்பினால் பாக் நீரிணை. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் ஆழமும் குறைவு, அலையும் குறைவு. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே வற்றம் சேற்றை வெளியே காட்டிவிடும். முழங்கால் சேற்றில் கயாக்கை இழுத்துக்கொண்டு நள்ளிரவில் கரையேறுவது விளையாட்டில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வனத்துறையின் கையில் இருக்கிறது. இரவில் உள்ளே போகும் நினைப்பே வேண்டாம். கொள்ளிடத்தில் மேலே, அணைக்கரைக்குக் கீழ்ப்பட்ட பகுதியில் முதலைகள் இருக்கின்றன. பாலமும் விளக்கும் இருந்தாலும் அந்தப் பக்கம் கயாக் இறக்க வேண்டாம்.

வலையையும் மறந்துவிடக் கூடாது. ஆற்றின் குறுக்கே கட்டிய வலை இருட்டில் தெரியாது. மிதவை துடுப்பில் தட்டும்போதுதான் தெரியும். அது ஒரு குடும்பத்தின் மறுநாள் சோறு. கயாக்கை இறக்குவதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், "அண்ணே, இந்தப் பக்கம் வலை கிடக்கா? நாங்க தூண்டில்தான் போடுறோம்" என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். எங்கே கிடக்கிறது என்று கை காட்டுவார். மீன் எங்கே என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவார். இந்தக் கடற்கரையில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அவர்கள் வேண்டாம் என்ற இடத்தில் வேண்டாம். கடலோரக் காவலுக்கும் தகவல் சொல்லிவிட்டுப் போவது நல்லது. இலங்கையைப் பார்த்த கரை இது. இரவில் அடையாளம் தெரியாத ஒரு மிதவை தென்பட்டால் விசாரிப்பது அவர்கள் கடமை.

எந்த மாதிரி கயாக்

இதில் எனக்குக் குழப்பம் கிடையாது. காற்றடைக்கிற கயாக் பைக்கில் கட்டிக்கொண்டு போகிற அளவுக்கு லேசு, விலையும் குறைவு. பகலில் குளத்துக்கும் ஏரிக்கும் சரி. இரவில், சிப்பி ஒட்டிய தூணுக்கும் கொக்கிக்கும் கெளுத்தி முள்ளுக்கும் நடுவில், காற்றை நம்பி உட்கார எனக்கு மனசு வராது. மேலே உட்கார்ந்து ஓட்டுகிற கெட்டிப் பிளாஸ்டிக் கயாக், பத்து பன்னிரண்டு அடி நீளம், அகலமானது, அதுதான் வேண்டும். உள்ளே தண்ணீர் வந்தாலும் துளை வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் திருப்பிப்போட்டு ஏறலாம். எடை 30 கிலோவைத் தாண்டும் என்பதால் இரண்டு பேர் வேண்டும். இரவில் தனியாகப் போகக் கூடாது என்பதால் அந்த இரண்டாவது ஆள் எப்படியும் இருக்கத்தான் போகிறார். பெடல் வைத்தது கைக்கு ஓய்வு கொடுக்கும். ஆனால் நம் ஆறுகளில் பிளாஸ்டிக் பையும் அறுந்த வலையும் அதன் துடுப்பில் சுற்றிக்கொள்ளும். எனக்கு அது வேண்டாம்.

உயிர்காப்பு அங்கி போட்டிருக்க வேண்டும், பக்கத்தில் வைத்திருப்பது பயன்படாது. கழுத்தில் விசில். துடுப்பில் ஓடும் சிறு படகு, மோதலைத் தவிர்க்கும்படி நேரத்தோடு காட்ட ஒரு வெள்ளை விளக்கைக் கையருகே வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. நான் ஒரு படி மேலே போய், பின்னால் ஒரு கம்பில் வெள்ளை விளக்கை எரியவிட்டே வைக்கச் சொல்வேன். மீன் கலையுமே என்று கவலைப்படாதீர்கள். தலைக்கு மேலே அசையாமல் எரிகிற விளக்கு மீனைக் கலைப்பதில்லை. தண்ணீரில் அங்கும் இங்கும் அடிக்கிற டார்ச்சுதான் கலைக்கும். முடிச்சுப் போட நெற்றியில் சிவப்பு விளக்கு போதும்.

வள்ளம் பேசிக்கொண்டு போவது

ஃபைபர் வள்ளத்தில் போவதன் பெரிய லாபம் வள்ளம் இல்லை, அதை ஓட்டுகிறவர். எந்தத் தூணடியில் செப்பிலி கிடக்கும், எந்த நேரத்தில் ஓட்டம் திரும்பும், நேற்று யார் எங்கே வலை போட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் தலைக்கு வருகிற செலவும் தாங்கும். முதன்முதலாக ஒரு ஆற்றைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. கயாக் வாங்க முடிவு செய்தவர்கள்கூட, இறக்கப் போகிற ஆற்றில் முதலில் ஒரு இரவு இப்படிப் போய்வருவது நல்லது.

விளக்கடிக்கு என்று பார்த்தால் வள்ளம் கொஞ்சம் பின்தங்கிவிடும். இஞ்சினை தூரத்திலேயே அணைத்துவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டு வந்தாலும், பலகையில் ஒரு கால் தடம் போட்டால் தண்ணீருக்குள் கேட்கும். நான்கு பேர் என்றால் நான்கு ஜோடிக் கால். நிழல் ஓரத்துக்கு வள்ளத்தைக் கொண்டுபோனால் கொடுவா அடங்கிவிடுகிறது. முகத்துவாரத்தின் ஆழப் பக்கத்தில் காலா, பாறை தேடுவதானால் கதை வேறு. அங்கே கயாக் போகக் கூடாது, வள்ளம்தான். வயதானவர்கள், நீச்சல் தெரியாதவர்கள், மீனைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று வருகிற நண்பர்கள், இவர்களுக்கும் வள்ளம்தான். வாடகை பேசும்போதே எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று பேசிவிடுங்கள். விடிந்தால் அவருக்குக் கடல் வேலை இருக்கும்.

நாமே விளக்கு கொண்டுபோனால்?

தண்ணீருக்குள் இறக்குகிற பச்சை விளக்குகள் இப்போது கிடைக்கின்றன. கரையோரக் கலங்கல் தண்ணீரில் பச்சை ஒளி மற்ற நிறங்களைவிடக் கொஞ்சம் தூரம் போகும்.  வேலை செய்கிற பொருள்தான். ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். எல்இடி விளக்கு போட்டு மீன்பிடிப்பதற்கு எதிராகக் கடற்கரை ஊர்களில் நியாயமான கோபம் இருக்கிறது. இஞ்சின் படகுகள் விளக்கு வைத்து மீன் சேர்த்து வலையடிப்பதற்கு மத்திய அரசு 2017 நவம்பரில் தடை போட்டதே அந்த மாதிரி வேட்டை மீன்வளத்தை அழிக்கிறது என்பதால்தான். தூண்டில்காரர் கொண்டுபோகிற சின்ன விளக்கு அந்த மாதிரி பெரிய வேட்டை இல்லைதான் என்றாலும், இரவில் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஏற்கெனவே எரிகிற தெருவிளக்கும் பாலத்து விளக்கும் இருக்க, எதற்கு ஊரோடு மனக்கசப்பு?

எப்போது

தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்குக்கு வேலையே இல்லை. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12ல் திறந்தாலும், கடைமடையைத் தாண்டி ஆற்று வாய் வரை வெள்ளம் வருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். அப்போது ஆறு செம்மண் நிறத்தில் ஓடும். மரக்கட்டை, ஆகாயத்தாமரை எல்லாம் அடித்துக்கொண்டு வரும். புயல் காலமும் அதுதான். கயாக்கைத் தொடவே வேண்டாம். தை பிறந்து வெள்ளம் வடிந்து, உப்பு மறுபடி ஏறி, தண்ணீர் தெளிகிறபோது ஆரம்பித்து, சித்திரை வரை நல்ல பருவம்.

நிலாவைப் பொறுத்தவரை அமாவாசையை ஒட்டிய நாட்களே என் தேர்வு. ஓட்டமும் நன்றாக இருக்கும். வானம் இருட்டாக இருப்பதால் விளக்கின் இழுப்பும் கூடும். பௌர்ணமியில் ஓட்டம் இருக்கும், ஆனால் வெளிச்சம் எங்கும் பரவிக் கிடப்பதால் மீன் ஒரு இடத்தில் கூடாது. பௌர்ணமி இரவில், மேலே நின்று போடுபவர்கள் பாலத்தின் அடி நிழலைப் பார்க்கலாம்.

சாமான் அதிகம் வேண்டாம். ஆறரை, ஏழடி ராடு. 5 கிராம் சுற்றில் ஜிக் தலை, அதில் மூன்று அங்குல வெள்ளை ரப்பர் இறால். தூண் உரசலைத் தாங்க 30, 40 பவுண்டு லீடர், அதாவது கொக்கிக்கு முன்னால் கட்டுகிற தடித்த நரம்பு. திருக்கையோ பெரிய கெளுத்தியோ மாட்டினால் கயாக்குக்குள் ஏற்றாதீர்கள், தங்கூசியை அறுத்துவிடுங்கள்.

கயாக் என்று முடிவு செய்துவிட்டால், காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு பகல் வற்றத்தில் அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். எந்தத் தூணுக்கு அடியில் பள்ளம், எங்கே சேறு, எங்கே உடைந்த கட்டுமானத்தின் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, தவறினால் எந்தப் படியில் ஏறலாம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலம் இருட்டுகிற வரை இருந்து எந்த விளக்கு எரிகிறது, எது எரிவதில்லை என்றும் பாருங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டையும் போனில் பதிந்து, போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு அங்கியோடு கட்டிவிடுங்கள். எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்குக் கரையேறுவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு மீன் கடித்துக்கொண்டே இருந்தாலும் கழியைப் பிடுங்கிவிட்டுக் கரைக்கு வந்து, வந்துவிட்டோம் என்று ஒரு போன் போட்டுவிடுங்கள்.